ஏரியாவையும் அளக்க வேண்டும்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. வாழும் ஏரியா உடம்பில் எவ்வளவு மனஅழுத்தச் சுமையை ஏற்றுகிறது என்று சிகாகோவில் மெக்சிகோ வழிவந்த முதியவர்களிடம் ஆய்வைத் தொடங்கப் போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் உன் கேள்வித்தாள் ஏரியாவை வருமானக் கணக்கை மட்டும் வைத்து எடைபோடுகிறது. அதுதான் உறுத்துகிறது.

1995 ஜூலை வெப்ப அலையில் அந்த ஊரில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே வடக்கு லான்டேல் என்ற பகுதியில் சாவு விகிதம் லட்சத்துக்கு 40. ஒட்டியே இருக்கும் லத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களின் லிட்டில் வில்லேஜில் 4. வறுமையும் தனியாக வாழும் முதியவர்களும் இரண்டு பக்கமும்தான். ஆனால் லிட்டில் வில்லேஜின் 26ஆவது தெருவில் கடைகள் திறந்திருந்தன, ஆள் நடமாட்டம் இருந்தது, கிழவர்கள் பயமில்லாமல் வெளியே வந்து குளிர்ந்த கடைக்குள் ஒதுங்கினார்கள். வடக்கு லான்டேலிலோ காலி மனைகள், பூட்டிய கடைகள். கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். லிட்டில் வில்லேஜில் தனியாக வாழ்ந்த வயதான வெள்ளையர்களையும் அந்தத் தெருதான் காப்பாற்றியது என்பேன்.

அதனால் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் 400 மீட்டர் நீயே நட. பகலில் ஒரு தரம், இருட்டிய பிறகு ஒரு தரம். உடைந்த நடைபாதை, எரியாத விளக்கு, உட்கார பெஞ்ச், ஸ்பானிஷ் பேசும் கடை எல்லாவற்றையும் குறித்துக்கொள். மக்கள்தொகைக் கணக்குக்காக வகுத்த சென்சஸ் டிராக்ட் எல்லையை மட்டும் நம்பாதே; சராசரி 4,000 பேர் இருக்கும் அது, ஒரு பாட்டி "என் பாரியோ" (ஸ்பானிஷில் 'என் ஏரியா') என்று சொல்லும் இடம் ஆகாது.

உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளப்பதில்தான் பெரும்பாலும் சறுக்கும். கண் விழித்ததும் ஒரு மாதிரி, 30 நிமிடத்தில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. ஒரு நாள் போதாது, குறைந்தது இரண்டு நாள் எடு. முதல் மாதிரி கால் மணி தள்ளிப்போனாலே விழித்ததும் கார்ட்டிசோல் கூடும் காலை ஏற்றம் பதிவாகாமல் தப்பிவிடும். பிறகு அதை நாள்பட்ட மனஅழுத்தம் என்று தப்பாகப் படிப்போம். எடுப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து காபி, பல் துலக்கல் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை, இன்ஹேலர் உண்டா என்று கட்டாயம் கேள்.

பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம் உட்கார வை. பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அளவு கூட்டிக் காட்டும். மாத்திரையால் பிரஷர் அடங்கியிருப்பவரையும் அதிகம் உள்ளவராகவே கணக்கில் சேர், இல்லாவிட்டால் உடம்பின் மனஅழுத்தச் சுமை குறைந்த மாதிரித் தெரியும்.

இன்னொன்று: அந்த ஏரியாவில் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்ற கேள்வி உன் தாளில் இல்லை. வசதி வந்தவர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள். அதையும் சேர்த்துத் திருத்தி அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
ரகு