கோர் தெ கார்த் மலையில் கருங்காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசக் காவடிக்கு மொரீஷியசில் எங்கள் கோர் தெ கார்த் மலைக்கோயிலில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அதே மலையில் வளரும் அரிய செடிகளைக் கவனித்திருப்போம்? நானும் பல வருடம் கவனித்ததில்லை.

கருங்காலியையே (எபனி மரம்) எடுத்துக்கொள்ளுங்கள். மொரீஷியசில் மட்டும் ஏறக்குறைய ஒரு டஜன் வகைகள். பக்கத்து ரியூனியன் தீவில் ஒன்றே ஒன்று. நடுவே ஆழ்கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தபோதுகூட இரு தீவுகளும் இணையவில்லை. ஆனால் வடகிழக்கில் இன்று நீருக்கடியில் கிடக்கும் சயா டி மல்யா, நசரேத் மேடுகள் அப்போது பெரிய தீவுகளாக வெளியே தெரிந்தன. இதுபோல் கடல் தாழ்ந்த காலங்களில் இந்தியா பக்கமிருந்து விதைகள் வர அவை படிக்கற்களாக இருந்திருக்கலாம். (நம் முன்னோருக்கு வெகுகாலம் முன்பே வந்த பயணிகள்!) கடல் ஏறியதும் அந்த வழி மூழ்கிப்போனது. தனித்துப்போன செடிகள் தங்களுக்குள்ளேயே கலந்து, மரபணுவிலும் தனி வழி போயின.

அந்தத் தனிமையின் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வேண்டுமா? க்யூர்பிப் தாவரத் தோட்டத்துக்குப் போங்கள். உலகத்திலேயே தன் இனத்தில் மிஞ்சிய ஒரே பனை அங்கே வேலிக்குள் நிற்கிறது.

சரி, என் கோரிக்கை சின்னது. கோயில், பள்ளி வளாகங்களில் வெளிநாட்டு அலங்கார மரங்களுக்குப் பதில் நம் கருங்காலிகளை நடலாம். மரபணு வேறுபாடு குறையாமலிருக்க, கன்றுகளை ஒரே தாய்மரத்திலிருந்து எடுக்காமல், பல மரங்களின் விதையிலிருந்து வளர்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
காத்ர் போர்ன்