பாறு பார்த்த கையோடு

போக்ரா, நேபாளம்,
ஐப்பசிக் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளை,

முக்திநாதர் தரிசனம் நல்லபடியாக முடிந்தது. அந்தக் குளிரில் 108 தாரைகளிலும் தலையை நனைத்தே தீருவேன் என்று நின்று நனைந்தாள் உன் தங்கை. அம்மாவுக்குத் தீர்த்தம் எடுத்து வைத்திருக்கிறேன், சொல்லிவிடு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாட்டுக் கொட்டகைகளில் குந்தி உட்காருவதைக் கொஞ்ச நாளைக்காவது நிறுத்து.

இன்று காலை நான் பாராகிளைடரில் பறந்தேன். அப்பா தென்னையிலிருந்து விழுந்த நாள் முதல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம்கூடப் போகாதவன் நான். அன்று அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நீயும் ஒருவன், உனக்கு விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து திரும்பி இங்கே ஒருநாள் ஓய்வு. விடுதி மாடியிலிருந்து பார்த்தால் சரங்கோட் மலைக்கு மேல் வண்ண வண்ணக் குடைகளாக மிதந்தன. "நீங்கள் போய் வாருங்கள், நான் ஏரிக்கரையில் நிற்கிறேன்" என்றாள் அவள். நாற்பது வருடமாக நான் எதைச் சுமக்கிறேன் என்று தெரிந்தவள் சொன்னது. மறுக்க மனம் வரவில்லை.

சரங்கோட் உச்சி ஏறத்தாழ 1,600 மீட்டர். ஃபேவா ஏரி அதில் பாதி உயரத்தில் கிடக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு புல்சரிவில் புறப்பாடு. பைலட்டுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், மலைக்காரப் பையன். தொடையிலும் மார்பிலும் வாரைப் பூட்டி, ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். இந்தியில் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "ஓடுங்கள். நான் சொல்லும்வரை உட்காராதீர்கள்." பின்னால் துணி காற்றைக் குடித்து எழும்பியதும் யாரோ முதுகைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அந்த இழுப்பை மீறி ஓட வேண்டும். நான்கு எட்டு வைத்திருப்பேன். ஐந்தாவது எட்டுக்குத் தரை இல்லை.

பயம் அந்த நொடியில் வந்து அமுக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை, மாப்பிள்ளை. விழுகிற உணர்வே கிடையாது. ஊஞ்சல் பலகையை யாரோ மெல்லத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. வடக்கே மச்சபுச்சரே முழுதாக நின்றது. மச்சம், புச்சம் இரண்டும் நாம் அறிந்த சொற்கள்தாம், மீன்வால். 6,993 மீட்டர் உயரம். 1957இல் ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சற்று முன்புவரை ஏறித் திரும்பியதாம். சிவன் இருக்கும் மலை என்பதால் இப்போது அதில் ஏற யாருக்கும் அனுமதி இல்லை.

பைலட்டிடம் ஒரு சிறு கருவி இருந்தது. மேலே ஏறினால் விடாமல் கூவும். வெயிலில் காய்ந்த சரிவிலிருந்து சூடான காற்று தூண்போல் எழும்புகிறது, அதற்குள் சுற்றினால்தான் ஏற முடியும், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது என்றான். பிறகு இடப்பக்கம் கைநீட்டினான்.

பாறு. பிணந்தின்னிக் கழுகு என்பார்களே, அதுதான். நம் ஊர்ப் பாறுகளைவிடப் பெரிய இமயமலைப் பாறு. சுற்றிவந்து எங்கள் பக்கத்தில், என் தோள் மட்டத்துக்கு மிதந்தது. சிறகு நுனி இறகுகள் விரல்போல் விரிந்து ஒவ்வொன்றும் தனித்தனியாக மேல்நோக்கி வளைந்திருந்தன. வலச்சிறகில் ஓர் இறகு உதிர்ந்த இடைவெளி வழியாக ஏரி தெரிந்தது. ஒருமுறைகூடச் சிறகடிக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு சற்றே சாய்ந்து மேலே போனது. பையன் அதன் பின்னாலேயே திருப்பினான், கருவி கூவத் தொடங்கியது. வழி அது காட்டியது, நாங்கள் ஏறினோம்.

உன்னை நினைத்துக்கொண்டேன். பால்மாட்டுக்கு வலியூசி கேட்டு வந்தவர்களிடம் டைக்ளோஃபினாக் போட மாட்டேன் என்று எத்தனை பேரைப் பகைத்துக்கொண்டாய்! அந்த மருந்து ஏறிய மாடு செத்தால், அதைத் தின்னும் பாறுகளும் செத்துவிடும் என்பாய். 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்த பிறகும், மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியை மூன்று மில்லியாகக் குறைத்த செய்தியை நீ போனில் சொன்னபோது உன் குரல் தழுதழுத்தது. மெலாக்சிகாம் என்ற வேறு வலிமருந்து இருக்கிறதே, அதைப் போட்டால் மாடும் பிழைக்கும், பாறும் பிழைக்கும் என்று நீ சொல்வதை நான் பாதிக் காதால்தான் கேட்டிருக்கிறேன். நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் உன்னோடு நின்று அண்ணாந்து பார்த்தபோதும் எனக்கு அவை வானத்தில் புள்ளிகள்தான். இன்று ஒன்றின் கண்ணைப் பார்த்துவிட்டேன்.

நேபாளமும் அந்த மருந்தைத் தடை செய்திருக்கிறது. பித்தௌலி என்ற கிராமத்தில் வயதான மாடுகளைச் சாகும்வரை வைத்துப் பராமரித்து, செத்தபின் பாறுகளுக்கு விடுகிறார்களாம். அந்த இடத்துக்கு ஜடாயு உணவகம் என்று பெயர். அடுத்த முறை நீயும் வந்தால் அங்கே போகலாம்.

இறங்கியது ஏரிக்கரையில், வயல்களை ஒட்டி. உன் தங்கை ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள். நடுக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்துவிடுவோம். தையில் மாயாற்றுப் பக்கத்துச் சீகூர்க் காட்டுக்குப் போக இப்போதே வனத்துறையிடம் அனுமதி கேட்டு வை. ஆற்றோரம் நீர்மருத மரத்தில் போன வருடம் நீ காட்டிய கூட்டில் இந்த முறையும் பாறு அடைந்திருக்கிறதா? தெரிந்தால் இரண்டு வரி எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை