கோமதிக்கு, மல்லிகைச் செடி பற்றி

திருமங்கலம்
கார்த்திகை 12

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். சரசு அக்காவுக்கு வழக்கம்போல மூன்று வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. மற்றது நேரில்.

நீ அனுப்பிய படம் பார்த்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். செடியைப் பிடுங்கிவிட்டுக் கறிவேப்பிலை வைக்கலாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராமே? அவரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல். இலை தளதளவென்று, ஆள் உயரத்துக்குக் கொடி போல ஓடி, பூ மட்டும் இல்லை என்றால் செடியில் குறை இல்லையடி. வெட்ட மனசு வராத கை உன்னுடையது. பள்ளிக்கூடத்தில் நகம் வெட்டச் சொன்னாலே அழுதவள்தானே நீ!

குண்டுமல்லி புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு விடும். பழைய கிளையை எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் அது விறகுதான். இங்கே இந்த வாரம் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் கவாத்து. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாம் போய்விடும். உனக்கு நான் சொல்வது வேறு. சென்னையில் மழை இன்னும் விடவில்லை, ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியாக அழுகல் இறங்கும். மார்கழி பாதியில், நாலு நாள் வெயில் அடித்த பிறகு வெட்டு. அதற்குப் பத்து நாள் முன்னாலேயே தண்ணீரைக் குறைத்துவிடு.

தொட்டிச் செடி என்பதால் ஒரு அடி உயரம் விட்டால் போதும். முதலில் காய்ந்தது, ஒன்றின்மேல் ஒன்று உரசுவது, பென்சிலைவிட மெலிந்தது எல்லாவற்றையும் அடியோடு எடு. மீதியில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டு. கத்தரி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கும், அதனால் முதலில் சாணை பிடி. மிச்சம் இருக்கும் இலைகளையும் உருவிவிடு. மொட்டையாக நிற்பதைப் பார்த்து உனக்கு வயிறு கலங்கும், கலங்கட்டும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவு. மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டு, மக்கிய தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பு. பங்குனியில் மொட்டு பார்க்கலாம். நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். தண்ணீர்த்தொட்டி நிழலில் வைத்துவிட்டு என்னைத் திட்டாதே.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், மாட்டுச் சாணம் என்று அள்ளிக் கொட்டுகிறாயே, அதுதான் இலைக் காடு. அடுப்புச் சாம்பலை உடனே நிறுத்து. உங்கள் போர் தண்ணீரே உப்பும் சுண்ணாம்பும், சாம்பல் போட்டால் மண்ணின் காரத்தன்மை இன்னும் ஏறும், வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. படத்தில் கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதே, அது அந்தக் குறைதான். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, அரை எலுமிச்சை பிழிந்து, சாயங்காலம் தெளி. கரைத்ததும் அடித்துவிடு, பழுப்பாக மாறியது எதற்கும் ஆகாது. மாடித் தரையில் துணி விரித்துக்கொள், துருக்கறை போகவே போகாது. அடியிலை மஞ்சளானால் கதை வேறு, அப்போது தொட்டியின் வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்.

இனி முக்கியமானது. சித்திரையில் மொட்டு கட்டி, அடிப்பாகம் உப்பி, ஊதா நிறம் பாய்ந்து, விரியாமல் உதிரும். வெயில்தான் காரணம் என்பார்கள், நம்பாதே. மொட்டை நகத்தால் பிளந்து பார். எள்ளைவிடச் சின்னதாக, வெளிறிய புழு நெளியும், உள்ளங்கையில் விட்டால் சட்டென்று துள்ளும். மொட்டு ஈயின் குஞ்சு அது. மொட்டில் ஓட்டை இருந்து, நூலாம்படை பின்னியிருந்தால் அது மொட்டுப்புழு, வேறு ஆள். ஈயின் புழு தரையில் விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். அதனால் செடிமேல் எதை அடித்தாலும் பாதி வேலைதான். உதிர்ந்த மொட்டைத் தினமும் பொறுக்கிக் கொதிதண்ணீரில் போடு, மேல்மண்ணை வாரம் ஒருமுறை கிளறி வெயில் காட்டு.

இந்த ஈக்காகப் பூச்சிமருந்துக் கடைக்கு மட்டும் ஓடாதே, கோமதி. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பூ சீசனில் தோட்டங்களில் மருந்து அடித்த மறுநாள் விடியுமுன்னே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் மொட்டு பறிக்கிற பெண்களைப் பார்க்கிறேன். அந்தப் பூதான் குழந்தைகள் தலைக்கும் போகிறது. சித்திரையில் விலை விழுந்து, பனியில் பூ இல்லாதபோது கிலோ ஆயிரங்களில் ஏறும் பொழைப்பில் மருந்து அடிக்கிற தோட்டக்காரர்களைத் தனியாகக் குறை சொல்லவும் முடியவில்லை. உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் நுனியை இரண்டு ஜோடி இலையோடு கிள்ளிவிடு, அடுத்த தளிர் வரும். ஆனியில் இன்னொரு தவணை உரம். ஆடிக் காற்றில் இலையடியில் சிவப்புச் சிலந்தி கூடு கட்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் ஓடும், மீறினால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், உச்சி வெயிலில் வேண்டாம்.

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வந்ததைச் சொல்லி இங்கே பெருமை அடித்துக்கொள்கிறோமே, நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது. நீ காசு கொடுத்து வாங்காதே. வெட்டிய குச்சியில் மூன்று கணு உள்ளதாக ஒரு சாண் நீளத்துக்கு எடுத்து, அடிக்கணுவை ஆற்றுமணலில் புதைத்து, நிழலில் ஈரம் காயாமல் வை. பிடித்தது ஒன்றைச் சரசு அக்காவுக்கு எடுத்து வை. மாசியில் அங்கே வருகிறாளாம், கொடுக்காவிட்டால் நான்காவது வீடு நீதான்.

அன்புடன்,
வள்ளி