மீன்காரரிடம் என்ன சொல்ல?

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன மாதம் வந்தவள் மறுநாள் இரவே கிளம்பிவிட்டாய். "எத்தனை நாள் இருப்பாய்?" என்று நான் கேட்டதும், தட்டைப் பார்த்தபடியே "நாளைக்கே போக வேண்டும் அப்பா" என்றாய். மீன்காரரிடம் எவ்வளவு சொல்லி வைக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். உன் காதில் அது "எப்போது போவாய்" என்று விழுந்திருக்கிறது. விளக்கம் வாய் வரைக்கும் வந்தது. சொல்லப்போய் இன்னும் தப்பாகிவிடுமோ என்று விழுங்கிவிட்டேன்.

நீ போன பிறகு புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' கதையை எடுத்துப் படித்தேன். 1943இல் கலைமகளில் வந்த கதை. வகுப்பில் எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சீதை தீக்குளித்ததை அகலிகையிடம் சொல்லும் இடத்தில் குரலை உயர்த்துவேன். அகலிகைக்கு ஒரு நீதி, ராமனுக்கு ஒரு நீதியா என்று கேட்டுப் புத்தகத்தை மூடுவேன். அதற்கு முந்தைய பக்கங்களை அவசரமாகத் தாண்டியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

சாபம் நீங்கிக் கல் பெண்ணாகிவிட்டது. புற்றை உடைத்துக்கொண்டு கோதமனும் வந்துவிட்டான். அன்பு அப்படியே இருக்கிறது, பேச்சுதான் வரவில்லை. அவளைப் பழித்த தன் நாக்கே பொசுங்கிப்போனதுபோல் அவனுக்கு இருக்கிறது. அவளுக்கோ, யார் எதைச் சொன்னாலும் அதற்குள் வேறு அர்த்தம் இருப்பதாகப் படுகிறது. ஒருவர் மனம் நோகக்கூடாதே என்று மற்றவர் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். அந்தப் பதனமே இருவரையும் தள்ளித் தள்ளி வைக்கிறது. ராமன் கேட்டான், சீதை தீயில் இறங்கினாள் என்று தெரிந்ததும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கோதமன் அணைத்தபோது கைக்குள் இருந்தது சிலை. முதல்முறை கல்லாவதற்கு ஒரு சாபம் வேண்டியிருந்தது. இந்த முறை யாரும் சபிக்கவில்லை.

நம் வீட்டில் அப்படிச் சுட்ட சொல் எது என்று நம் இருவருக்கும் தெரியும். ஆறு வருடத்துக்கு முன், விடியற்காலையில், ஒற்றைப் பையோடு வாசலில் நின்றாய். செருப்பின் வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. "உள்ளே வா" என்று நான் சொல்லவில்லை. "மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாயா?" என்று கேட்டேன். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டேன். இதை உன்னிடம் நான் ஒத்துக்கொண்டதே இல்லை. உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள் கதையில் சீதை. எனக்கு உலகம் என்பது அந்த எதிர்வீடாக இருந்தது. உன் அம்மாதான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

அன்று மாலையே உனக்குப் புதுச் செருப்பு வாங்கி வாசலில் வைத்தேன். நீயும் பேசாமல் போட்டுக்கொண்டாய். அத்துடன் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ வாங்கித் தந்த ஜும்பா லாஹிரியின் சிறுகதைத் தொகுப்பில், பிறக்கும்போதே குழந்தையைப் பறிகொடுத்த தம்பதியின் கதை வருகிறதே, பாஸ்டனில் நடப்பது. ஐந்து நாட்களுக்கு இரவு எட்டு மணியிலிருந்து ஒரு மணி நேரம் மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வரும். இருட்டில் இருவரும் அதுவரை சொல்லாததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார்கள். சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பிப் படித்தேன். தனியாக வீடு பார்த்துவிட்டேன் என்கிறாள் அவள். மருத்துவமனையில் குழந்தையைக் கையில் ஏந்தினேன், ஆண் குழந்தை என்கிறான் அவன். அவள்மேல் உள்ள அன்பால் இத்தனை நாள் மறைத்து வைத்ததை அந்த நேரத்தில் சொல்கிறான். அந்த இடத்தில்தான் பயந்துபோனேன். அடக்கி அடக்கி வைத்து, ஒருநாள் கோபத்தில் "உன் நல்லதுக்குத்தானே" என்று நானும் ஆரம்பித்துவிடக்கூடாது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அன்று நான் கேட்டது தவறு, பாப்பா. கேட்டிருக்க வேண்டியதை இன்றுவரை கேட்கவும் இல்லை. அங்கே உனக்கு என்ன நடந்தது? நீ சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன். சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லிவிடு.

அடுத்த முறை திரும்பும் டிக்கெட் எடுக்காமல் வா. மீன்காரரிடம் அன்றன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா