ராத்திரிச் சத்தம்

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் பேத்தி இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டாள் என்று கேட்டு வீட்டில் அத்தனை சந்தோஷம்.

நம் தாமான் குடியிருப்பில் இப்போது ஒரே பேச்சு செம்பனை எண்ணெய் ஆலையின் சத்தம்தான். நீ இருந்த காலத்தில் ஆலைக்கும் நம் லயத்து வரிசை வீடுகளுக்கும் நடுவில் செம்பனைக் காடு இருந்தது. இப்போது அந்த நிலம் முழுக்க வீடு. கடைசி வரிசைக்காரர்கள் பின்கதவைத் திறந்தால் புகைக்கூண்டு எதிரே நிற்கிறது. ‘ஆலைதான் முதலில் வந்தது’ என்கிறது நிர்வாகம். உண்மைதான். ஆனால் அங்கே வீடு கட்ட அனுமதி கொடுத்தது நாமா? தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு வேறு எங்கே வீடு கிடைத்தது?

நீ பாய்லரில் நின்றவன், உனக்குத் தெரியும். குலைகளை அவிக்கும்போது ஒரு சுற்றுக்கு மூன்று முறை நீராவியை ஏற்றித் திறந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் தொட்டில் குழந்தைகள் அலறி எழுகின்றன. காய்ப்பு அதிகமான மாதங்களில் விடிய விடிய இதே கதி. அந்தச் சத்தமாவது வந்து வந்து போகும். பாய்லர் விசிறியின் உறுமல் ஓய்வதே இல்லை. தாழ்ந்த ஒலி என்பதால் ஜன்னலைச் சாத்தினாலும் சுவரைத் தாண்டி உள்ளே வருகிறது.

கூட்டத்தில் சிலர் ராத்திரியில் ஆலையை மூடச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டிய குலை ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும்; சிறுதோட்டக்காரனுக்கும்தான் நஷ்டம். ஆலை ஓடட்டும், சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே அடக்கட்டும். நீராவிக் குழாய்க்கு சைலன்சர், விசிறிக்கு உள்ளே ஒலி உறிஞ்சும் பஞ்சு பொதிந்த கூண்டு, அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர், தேய்ந்த பேரிங்குக்குப் புது பேரிங். இதில் எதுவும் புது வித்தை இல்லை. அவர்களோ வேலியோரம் மரம் நடுகிறோம் என்கிறார்கள். ஓரிரு வரிசை மரம் பார்வையைத்தான் மறைக்கும், சத்தத்தை அவ்வளவாகக் குறைக்காது. விசிறியும் குழாயும் உயரத்தில் இருக்கும்போது எட்டடிச் சுவரும் உதவாது.

சட்டம் இல்லாமல் இல்லை. நம் மலேசியாவின் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 23ஆம் பிரிவே ஒலித் தூய்மைக்கேட்டுக்கானது. சுற்றுச்சூழல் துறையின் வழிகாட்டியில் இரவு 10 முதல் காலை 7 வரை தனி வரம்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்குச் சொன்ன இரவு அளவு, வீட்டுக்கு வெளியே 40 டெசிபல். இங்கே அளக்க வந்தவர்கள் பட்டப்பகலில் வந்து, லாரி போகும் சாலையோரம் கருவியை வைத்துவிட்டுப் போனார்கள். கடைசி வரிசை வீட்டு வாசலில், நடுராத்திரியில் அளக்க வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறோம்.

உன் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். கொட்டை உடைக்கும் மெஷின் பக்கத்திலேயே இருந்து, கடைசிக் காலத்தில் கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பார். 2019இல் வந்த விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் வரம்பு. இப்போது அங்கே நிற்பவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்கள் காதும் காதுதானே? மெஷினிலேயே சத்தம் அடங்கினால் அவர்களுக்கும் நல்லது.

அடுத்த மாதம் நிர்வாகத்தோடு பேச்சு. நீ வரவேண்டும். எந்த வால்வுக்கு என்ன பொருத்தலாம் என்று நீ சொன்னால் எங்களை ஏய்க்க முடியாது. முதல் நாளே தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் தங்கு. தேதி முடிவானதும் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய லயத்துக்காரன்