மணமில்லாத கசிவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் வரம்பு மீறிக் கசியவிடும் மீத்தேனுக்குக் கட்டணம் வசூலிக்கும் விதியை அமெரிக்க நாடாளுமன்றம் 2025-இல் ரத்து செய்தது. டன்னுக்கு 900 டாலரில் தொடங்கி 1,500 வரை உயர வேண்டிய கட்டணம் அது. ரத்துக்குப் பயன்படுத்திய 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பொல்லாதது: சாதாரணப் பெரும்பான்மையே போதும், ஆனால் அதேபோன்ற விதியைப் புதுச் சட்டம் இல்லாமல் மீண்டும் கொண்டுவர முடியாது.

வீட்டில் சிலிண்டர் மாற்றினால் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கிறோம். மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் வேதிப்பொருள் கலந்திருப்பதால் மூக்கும் எச்சரிக்கும். எண்ணெய், எரிவாயுக் கிணற்றடி மீத்தேனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தொட்டி மூடியின் கேஸ்கட் தேயும், கம்ப்ரஸர் பேக்கிங் தளரும், உபரி வாயுவை எரிக்கும் எரிகுழாயின் பைலட் சுடர் காற்றில் அணையும். வாயு அப்படியே மேலே போகும். அகச்சிவப்பு கேமராவில்தான் புகைபோலத் தெரியும். பல இடங்களில் ஒரு கேஸ்கட் மாற்றினாலே தீரும் வேலை இது. மிச்சமாகும் வாயுவை விற்கவும் செய்யலாம். அதையும் செய்ய மாட்டோம் என்று நிறுவனங்கள் இருப்பதுதான் வேதனை.

20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நம் நாட்டு எரிவாயுக் கிணறுகளிலும் குழாய்களிலும் கசிவுச் சோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் விசாரித்து வெளியிட வேண்டும்.

– வாசகர், காட்பாடி