எந்தச் சாமி இல்லை என்கிறாய்?

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பிள்ளைக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்த மாட்டேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அப்பா முகம் சரியில்லை. "எனக்கு நம்பிக்கை இல்லைம்மா, நடிக்க முடியாது" என்றாய். சரி, நடிக்க வேண்டாம். நம்பாத ஒருவனைக் கைகூப்பி நிற்க வைத்து நமக்கு என்ன ஆகப்போகிறது? மொட்டைப் பேச்சு இதோடு முடிந்தது. ஆனால் போனை வைக்கும்போது, "எல்லாரும் பயத்தில்தான் கும்பிடுகிறார்கள்" என்றாயே, அதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. போனில் பேசினால் இருவருக்கும் குரல் ஏறிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா, உன் தாத்தா, கருப்புச் சட்டைக்காரர் என்பது உனக்குத் தெரியும். பாட்டியை அவர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றிக்கொண்டதோடு சரி. 'செல்லாத கல்யாணம்' என்று சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் குத்திக் காட்டினார்கள். அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-இல் சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன்னால் நடந்த அந்த மாதிரித் திருமணங்களும் செல்லும் என்று ஆக்கினார். அன்றைக்குத் தாத்தா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். பாட்டியோ கடைசிவரை வள்ளலாரை விடவில்லை. ராத்திரி விளக்கேற்றி அருட்பெருஞ்ஜோதி சொல்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தைப்பூசத்துக்கு வடலூருக்கு மூன்று பேரும் போவோம். சத்திய ஞான சபையில் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு திரைகள். மாதப் பூசத்துக்கு ஆறைத்தான் விலக்குவார்கள், தைப்பூசத்தன்று ஏழும் விலகும். உள்ளே சிலை கிடையாது, சுடர் ஒன்றுதான். பாட்டி அந்தக் கூட்டத்தில் நசுங்கி நின்று பார்த்துவிட்டு வருவார். தாத்தா சபைப் பக்கமே வரமாட்டார், நேராகத் தருமசாலைக்குப் போய்விடுவார். சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். இலை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "நீங்க சாமி இல்லேங்கற ஆளாச்சே?" என்று கேட்டார். "சோறு போடறதுக்குச் சாமி எதுக்குங்க, கையை எடுங்க, சூடு" என்று சொல்லிக்கொண்டே தாத்தா ஊற்றினார். நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். இவர்கள் இரண்டு பேரில் யார் பயந்தவர் என்று நீயே சொல்.

அந்தத் தருமசாலை அடுப்பை வள்ளலார் 1867-இல் மூட்டினார், இன்னும் அணையவில்லை. அவரையும் நீ 'ஒரு சாமியார்' என்று தள்ளிவிடாதே. சின்ன வயதில் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். அப்புறம் திருவொற்றியூர் சிவன், தில்லை நடராசர். கடைசியில் உருவமே வேண்டாம் என்று ஜோதிக்கு வந்து சேர்ந்தார். 1873-இல் கொடியேற்றிப் பேசியபோது, சைவத்தின் மேல் தனக்கு இருந்த பற்று இவ்வளவென்று அளவு சொல்ல முடியாது, அது இப்போது போய்விட்டது என்று கூட்டத்தின் முன்னால் சொன்னார். கடவுள் என்றால் என்ன என்பதில் ஒரே மனிதருக்கு ஐம்பது வருஷத்துக்குள் இவ்வளவு மாற்றம். பயந்தவர் இருந்த இடத்திலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்பா வீட்டுக் கதை வேறு. கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? புதுப் புடவை, மஞ்சள், பூ எல்லாம் வைத்துக் கும்பிட்டு, அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். பூவாடைக்காரி உலகத்தைப் படைத்தவள் இல்லை. இந்த வீட்டில் பிறந்து, வாழவேண்டிய வயதில் செத்துப்போன ஒரு பெண். நல்ல காரியத்தில் அவளை மறந்துவிடக் கூடாது என்று அவளுக்கும் ஒரு புடவை எடுக்கிறார்கள். அவ்வளவுதான். கடவுள் இல்லை என்று நீ சொன்னால், அவளும் இல்லை என்று ஆகிவிடுமா? அவள் இருந்தாள். அதற்கு நம்பிக்கை எதுவும் தேவையில்லை. அதனால் கேட்கிறேன், எந்தச் சாமி இல்லை என்கிறாய்?

மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற சாமி என்றால், உன் கட்சியை நான் எளிதில் தட்ட முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று நீ பள்ளிப் பையன். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி மாதாவிடம் வந்தவர்களையே கடல் கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்தில் ஒரு அம்மா, பிள்ளையின் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். என்னிடமும் காட்டினாள். 'எல்லாம் அவன் செயல்' என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் சொன்னாலும் அது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் கும்பிடுகிற சாமி கடலை ஆள்கிற சாமி இல்லை. வள்ளலாரே இதை ஒப்பமாட்டார், அவருக்கு அருட்பெருஞ்ஜோதி எல்லாம் வல்லது. இந்த ஒரு இடத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

பிறகு எதைத்தான் நம்புகிறாய் என்று கேட்பாய். அந்தச் செருப்பைப் பார்த்தபோது, முன்பின் தெரியாத ஒருத்திக்காக எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த வலி என்னுடையது மட்டும் இல்லை, என்னைவிடப் பெரிய ஒன்று எனக்குள்ளும் இருக்கிறது என்று அன்றைக்குப் பட்டது. அதைத்தான் கும்பிடுகிறேன். அது மூளை செய்யும் வேலை என்பாய், இருக்கட்டும். மூளை வழியாகத்தானே எல்லாமே தெரிகிறது.

வகுப்பில் மணிமேகலை நடத்தும்போது, சமயக்கணக்கர் தம் திறங்கேட்ட காதைக்கு வந்தால் எனக்குத் தனி உற்சாகம். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். உன்னைப் போல, கண்ணால் காண்பதுதான் உண்மை என்கிற பூதவாதியும் அங்கே இருக்கிறான். எழுதிய சாத்தனார் பௌத்தர், ஆனாலும் எல்லாரையும் பேச விடுகிறார். மணிமேகலை பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். அதனால் கடவுள் உண்டு என்று ஆகிவிடாது. அவளும் அதற்காகக் கேட்கவில்லை. ஆனால் நான் உன் அம்மா என்பதை எந்தப் பரிசோதனையும் செய்யாமல்தான் நீ இத்தனை நாள் நம்பியிருக்கிறாய். நம்புவது என்றாலே பயம் என்று சொல்வதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசி.

உன் பிள்ளையிடம் சாமி உண்டு என்று சொல்லச் சொல்லி உன்னைக் கேட்கமாட்டேன். அவள் கேட்டால் நீ நினைப்பதைச் சொல். என்னிடம் கேட்டால் நான் நினைப்பதைச் சொல்வேன், அதற்கு மட்டும் நீ குறுக்கே வரக் கூடாது. தாத்தா என்னிடம் அப்படித்தான் நடந்துகொண்டார்.

அப்பாவுக்கு நீயே ஒரு போன் போடு. மொட்டையைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன், நீ அவர் முழங்காலைப் பற்றி விசாரி. அடுத்த முறை வரும்போது தைப்பூசம் ஒட்டி வந்தால் நல்லது, தருமசாலையில் பரிமாற ஆள் எப்போதும் தேவைப்படும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட காய்ச்சல் விட்டதா? மருமகளைத் தூங்கச் சொல்.

அன்புடன்,
அம்மா